தேர்வு அறைக்குள் ஒரு பால் பவுடர் டப்பா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வினாத்தாள் கட்டை எப்படிப் பிரிப்பது, விடைத்தாள்களை எப்படி எண்ணி உறையில் போடுவது என்பதையெல்லாம் நான் சொல்லித் தரப் போவதில்லை. அதற்குத்தான் தேர்வுப் பணிக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்குக் கையேடு கொடுத்திருக்கிறார்கள். அதைப் படிக்காமல் வந்து, தேர்வு அன்று காலையில் என் மேசை முன்னால் நின்று, "மேடம், இந்த சீல் எங்க வைக்கணும்?" என்று கேட்டவர்களை நான் என்ன பாடு படுத்தினேன் என்று உங்கள் சீனியர்களைக் கேளுங்கள். அம்பத்தூர் ஸ்டேஷனில் என்னைக் கண்டால் இன்னும் சிலர் எதிர் பிளாட்பாரத்துக்குப் போய்விடுகிறார்கள்.

கையேட்டில் இல்லாத ஒன்றைத்தான் சொல்ல வந்தேன். தேர்வுப் பணியில் வருகிற சிக்கல் பெரும்பாலும் தேர்வு அறையில் வராது. கேட்டுக்கு வெளியிலிருந்து வரும்.

மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதற்கு முன்பு வெகுகாலம் வேதியியல் ஆசிரியை. அரசு வேலைக்கான போட்டித் தேர்வு எது வந்தாலும் எங்கள் பள்ளி ஒரு மையம், நான் முதன்மைக் கண்காணிப்பாளர். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் எப்படி இருக்கும் என்பதே மறந்து போயிருந்தது.

எங்கள் மையத்துக்கு எழுத வருகிறவர்களில் பாதிப் பேர் கல்யாணமான பெண்கள். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வருவார்கள், சென்னீர்குப்பம் பக்கத்து ஃபிளாட்டுகளிலிருந்து வருவார்கள். ஐ.டி. வேலையை விட்டு, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை தூங்குகிற நேரத்தில் படித்தவர்கள். அவர்கள் உள்ளே எழுதும்போது வெளியே மரத்தடியில் கணவன்மார்கள் வரிசையாக நிற்பார்கள். ஒரு தோளில் குழந்தை, இன்னொரு தோளில் பை, கையில் ஃபிளாஸ்க். மற்ற நாளில் தண்ணீர் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனுஷன், அன்றைக்கு மட்டும் பாதிச் சமையலறையை மாட்டிக்கொண்டு நிற்பான். எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

அன்றைக்குத் தேர்வு தொடங்கி எல்லா அறைகளையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்தேன். கேட்டில் காவலுக்கு இருந்த ஏட்டய்யா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"மேடம், கேட்டாண்ட ஒரு கொயந்த அய்துகினே கீது. அப்பங்காரன் இன்னா பண்றதுன்னு தெர்யாம நிக்கிறான். நீங்க கொஞ்சம் வந்து பாத்தா தேவல."

"அழற குழந்தைக்குப் பால் குடுக்கச் சொல்லுங்க ஏட்டய்யா. அதுக்கு நான் எதுக்கு?"

"அதான் மேடம் மேட்டரே. பாலு உள்ள கீது, கொயந்த வெளிய கீது."

புரியாமல்தான் எழுந்து போனேன். கேட்டுக்கு வெளியே இருபத்தெட்டு, முப்பது வயதுப் பையன் ஒருவன். பெயர் செல்வம். விருதுநகர்ப் பக்கத்துக்காரன், ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. தோளில் நாலு மாதப் பெண் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அவன் முகமும் அழுகிற முகம்தான்.

அவன் சொன்னதன் சுருக்கம் இது. வீட்டிலிருந்து இரண்டு பையோடு கிளம்பியிருக்கிறார்கள். ஒன்றில் மனைவி பவித்ராவின் குறிப்புகள், கடைசி நேரத்தில் ஒரு தடவை புரட்டுவதற்கு. இன்னொன்று குழந்தையின் பை. ஹால் டிக்கெட்டை எதில் வைத்தால் மறக்காது? எதை மறந்தாலும் பிள்ளையின் பையை மறக்க மாட்டோம் என்று அதில் வைத்திருக்கிறாள். எனக்கு அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது. ஆனால் ரயில்வே கேட்டில் மாட்டி, எங்கள் கேட்டை மூடப் போகிற நேரத்தில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஏட்டய்யா "வாம்மா, வாம்மா, மூடப் போறோம்" என்று கத்த, ஹால் டிக்கெட்டைத் தேடி எடுக்க நேரமில்லாமல் குழந்தையின் பையை அப்படியே பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். பால் பாட்டிலும் ஃபிளாஸ்க்கும் மட்டும் அவனிடம் தங்கிவிட்டன.

"பாப்பா அழவும் பாட்டில எடுத்தேன், ஃபிளாஸ்க்க எடுத்தேன். பவுடர் எடுக்கப் பையத் தொறந்தா..." என்று பையைத் திறந்து என்னிடம் காட்டினான். "பூரா பொது அறிவு மேடம்."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். "சரி, கடையில ஒரு டின் வாங்க வேண்டியதுதானே? இந்த ரோட்டில் எத்தனை மெடிக்கல் இருக்கு?"

அதற்கு அவன் சொன்ன பதிலில்தான் என் சிரிப்பு போனது. அந்தக் குழந்தைக்கு மாட்டுப்பால் சேராது. சாதாரண பால் பவுடரும் சேராது, அதுவும் மாட்டுப்பாலில் செய்வதுதானே. முன்பு ஒரு முறை கொடுத்து, உடம்பெல்லாம் தடித்து, மலத்தில் ரத்தம் வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த தனிப் பவுடர் ஒன்றுதான் ஆகாரம். அதை மருந்துக் கடையில் சொல்லி வைத்து வாங்க வேண்டும். வீட்டில் ஒரு டின் இருக்கிறது. வீட்டுச் சாவி? அதுவும் அந்தப் பையில்தான்.

இதற்குள் சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. நம் ஊரில் அழுகிற குழந்தைக்கு ஆலோசனை சொல்ல ஆளா இல்லை? எதிர் டீக்கடை மாஸ்டர் ஒரு டம்ளரில் பாலோடு ரோட்டைக் கடந்து வந்து நின்றார். "தண்ணி கலக்காத பாலு நைனா. நல்லா காச்சிக்கீறேன். குடு, ஒண்ணும் ஆவாது." பேத்தியை மடியில் வைத்திருந்த ஓர் அம்மாள், "பச்சப் புள்ளய இப்படி வறட்டுத் தொண்டையா அழ விடலாமா? நாங்கல்லாம் பசும்பால் குடுத்து வளர்க்கலியா?" என்று பேத்திக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்த பாலாடையையே நீட்டினார். எல்லோரும் நல்லவர்கள். அதுதான் பயமாக இருந்தது. அவன் ஒருவன்தான் "வேண்டாங்க, சேராதுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் போனால் அவனும் தளர்ந்துவிடுவான் என்று எனக்குத் தோன்றியது.

உள்ளே வந்தேன். பைகள் வைக்கும் அறை பூட்டியிருந்தது. உங்களுக்குத் தெரியும், தேர்வு எழுதுகிறவர்கள் பையைக் கொடுத்து டோக்கன் வாங்குவார்கள். தேர்வு முடிகிற வரை அந்த அறையைத் திறக்கக் கூடாது. டோக்கன் கொண்டுவருகிற ஆளைத் தவிர யாரிடமும் பையைக் கொடுக்கக் கூடாது. டோக்கன் பவித்ராவிடம், பவித்ரா தேர்வு அறையில்.

பவித்ரா எழுதிய அறைக்குக் கண்காணிப்பாளர் ஷீலா டீச்சர். விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. வராந்தாவில் என்னைப் பார்த்ததும் வாசலுக்கு வந்து, "மேடம், அந்த அழுகை உள்ள கேக்குது. பிள்ளை வச்சிருக்கவங்க எல்லாரும் நிமிந்து நிமிந்து பாக்குறாங்க. அந்தப் பொண்ணுகிட்ட நான் மெதுவா விஷயத்தச் சொல்லி டோக்கன வாங்கிட்டு வரட்டுமா?" என்றார். ஷீலாவும் பிரசவ விடுப்பு முடிந்து அந்த வருஷம்தான் வேலைக்குத் திரும்பியவர். அவர் கண் கலங்கியிருந்தது.

"வாயைத் திறக்காதீங்க" என்றேன். கொஞ்சம் அதட்டலாகத்தான் வந்துவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். வெளியிலிருந்து எந்தச் செய்தியும் தேர்வு எழுதுகிறவரிடம் போகக் கூடாது, அது விதி. ஆனால் அன்றைக்கு என் மனதில் இருந்தது விதி மட்டும் இல்லை. உன் பிள்ளை பசியில் துடிக்கிறது, அதன் சாப்பாடு உன் பையில் இருக்கிறது என்று ஒரு தாயிடம் சொன்னால் அவள் டோக்கனைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து அடுத்த கேள்விக்குப் போவாளா? எழுந்து ஓடுவாள். எழுந்து வெளியே போனால் திரும்ப உள்ளே விட முடியாது. செல்வம் சொல்லியிருந்தான், போன தடவை அவள் பிரசவத்தால் எழுதவில்லை. அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. குழந்தைக்குப் பால் கிடைக்க வேண்டும், அவள் இடத்தை விட்டு எழக் கூடாது. இரண்டும் நடக்க வேண்டும்.

தேர்வை மேற்பார்வையிட ஓர் ஆய்வு அலுவலர் வந்திருந்தார். இளைஞர், விறைப்பானவர். அவரிடம் போய் "பை அறையைத் திறக்கலாமா?" என்று கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அவரைக் குற்றம் சொல்லவில்லை. வேறொரு மையத்தில் ஒரு பை காணாமல் போய் அவர் பட்ட பாடு எனக்கும் தெரிந்த கதைதான். திறக்கக் கூடாது என்று சொல்வது அவருக்குச் சுலபம், நியாயமும்கூட.

இந்த இடத்தில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். நான் அறை அறையாகக் கண்காணித்துத் திரிந்த காலத்தில் எனக்கு மேலே இருந்த ஒரு பெரிய மனிதர் செய்து பார்த்தது இது. முடிவு உங்களுடையது என்று தெரிந்துவிட்டால், மேலதிகாரியிடம் அனுமதி கேட்காதீர்கள். சாட்சிக்குக் கூப்பிடுங்கள். அனுமதி கேட்டால் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது, பயப்படுவார். சாட்சிக்குக் கூப்பிட்டால் பொறுப்பு உங்கள் தலையில், அவர் நிம்மதியாகக் கூட வருவார்.

"சார், நான் இப்போ பை அறையைத் திறக்கப் போறேன். என் பொறுப்பு. நீங்க வந்து நின்னு பாக்கணும். தேர்வை வீடியோ எடுக்கறவரையும் கூட்டிட்டு வாங்க, எல்லாம் பதிவாகட்டும்" என்றேன்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "மேடம், ரூல் தெரியும்ல?"

"தெரியும். அதனாலதான் வீடியோ."

வந்தார்.

அறையைத் திறந்தால் பெஞ்சு பெஞ்சாகப் பைகள். செல்வம் சொன்ன அடையாளம்: மஞ்சள் வாத்து போட்ட சாம்பல் நிறப் பை, கைப்பிடியில் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு. மஞ்சள் வாத்து போட்ட சாம்பல் நிறப் பை இரண்டு இருந்தது. இரண்டிலும் கறுப்புக் கயிறு. ஒரே ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குக் கொடுத்தனுப்பிய பையாக இருக்கும். வேறொருத்தியின் பையைத் திறந்துவிட்டால் நான் தொலைந்தேன். ஆய்வு அலுவலர் தொண்டையைச் செருமினார். அப்புறம் யோசித்தேன். பவித்ரா கடைசியாக ஓடி வந்தவள், டோக்கன் வரிசையாகக் கொடுத்தது. எந்தப் பையில் பெரிய எண் கட்டியிருக்கிறதோ அதுதான். அதைத் திறந்தேன். மேலாகவே ஆவடி விலாசம் எழுதிய ஆஸ்பத்திரிச் சீட்டு, செல்வத்தின் பெயர். அதன் கீழே மூன்று அடுக்கு பிளாஸ்டிக் டப்பா, ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு வேளைக்கான பவுடர். டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு பையை மூடி, அறையைப் பூட்டி, சாவியை ஆய்வு அலுவலரிடமே கொடுத்தேன்.

பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைத்தேன். மிச்சப் பாதிதான் எனக்குத் தெரியாத வேலை.

எனக்குக் குழந்தை கிடையாது. அன்றுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பால் பாட்டிலைக் கையில் எடுத்தேன். வெளியாட்களை வளாகத்துக்குள் விட முடியாது, உள்ளே செல்போனும் கூடாது. கேட்டை ஒட்டி வாட்ச்மேன் அறை. அதன் ஜன்னல் ரோட்டுப் பக்கம் திறக்கும். நான் உள்ளே, செல்வமும் குழந்தையும் ஜன்னலுக்கு வெளியே. ஏட்டய்யா பாட்டிலை நீட்டினார். அவள் பையைப் பிடுங்கிய அவசரத்தில் அது மண்ணில் விழுந்து மூடி திறந்துகொண்டதாம். "கொயாத்தண்ணில கழுவி கர்ச்சீப்ல சுத்தமா தொடைச்சிக்கீறேன் மேடம்" என்றார் பெருமையாக. அந்தக் கர்ச்சீப்பை நான் பார்த்தேன்.

டீக்கடையில் கொதிக்கிற தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே பால் படாத பாத்திரம் எது? என் அறையில் ஒரு கெட்டில் இருந்தது. தண்ணீர் தவிர எதையும் அதில் காய்ச்ச விட்டதில்லை. ஒரு தடவை அதில் பாலை ஊற்றிய ஆசிரியரோடு ஒரு பருவம் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்காக ஸ்டாஃப் ரூமில் எனக்கு என்ன பட்டப்பெயர் என்று தெரியும். அந்தக் கெட்டில் வந்தது. நிப்பிளையும் மூடியையும் அதற்குள் போட்டுக் கொதிக்க விட்டேன், அந்தக் கொதி தண்ணீரையே பாட்டிலில் ஊற்றி அலசினேன்.

டப்பாவின் மேல் அடுக்கைத் திறந்ததும் ஒரு வாடை வந்தது பாருங்கள். மருந்துக் கசப்பும் ஊசிப்போன உருளைக்கிழங்கும் சேர்ந்த மாதிரி. ஏட்டய்யா மூக்கைப் பிடித்துக்கொண்டார். "இன்னா மேடம், கெட்டுப் பூச்சா?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இதற்காகவா இவ்வளவு? ஜன்னலுக்கு வெளியே செல்வம் முகத்தை எக்கி மோந்தான். அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் அவன் முகம் மலர்ந்தது. "இல்ல மேடம், இல்ல. அதோட வாசனையே அப்படித்தான். இதுதான் மேடம், இதேதான்."

"சரி, ஒரு அடுக்குக்கு எவ்வளவு தண்ணி?"

பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டான். "அவதான் மேடம் கலக்குவா. நான் பாப்பாவ வச்சிக்குவேன்."

"தொழிற்சாலையில என்ன வேலை உனக்கு?"

"தரப் பரிசோதனை மேடம். அளவு பாக்குறது."

தண்ணீர் கூடினால் பிள்ளைக்குப் பசி ஆறாது, குறைந்தால் அந்தச் சின்ன வயிறு தாங்காது. குத்துமதிப்பாக ஊற்று என்றார் ஜன்னல் பக்கம் நின்ற அந்த அம்மாள். ஆயுசு முழுக்கக் கரைசல் தயாரிக்கச் சொல்லிக் கொடுத்தவளிடம் குத்துமதிப்பா? நான் பாட்டிலை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். குழந்தை அழுது அழுது குரல் கம்மிவிட்டது. அந்த ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான் அன்றைக்கு நான் பட்ட கஷ்டத்திலேயே பெரிய கஷ்டம்.

"தம்பி, பதறாம யோசி. அவ கலக்கித் தர்ற பாட்டில் எதுவரைக்கும் இருக்கும்?"

"கரடி... பாட்டில்ல ஒரு கரடி படம் இருக்குல்ல மேடம், அதோட காது வரைக்கும்னு நினைக்கேன்."

"நினைக்காதே. போன்ல பிள்ளையை வீடியோ எடுக்காத அப்பன் இந்தக் காலத்தில உண்டா? பால் குடிக்கற வீடியோ இருக்கா பாரு."

இருந்தது. குழந்தை முதல் தடவையாகத் தானே பாட்டிலைப் பிடித்த அன்று எடுத்தது. அவன் ஜன்னல் கம்பிக்கு வெளியே போனைத் தூக்கிப் பிடித்தான். வீடியோவின் தொடக்கத்தில் பவித்ரா மேசை மேல் பாட்டிலை வைத்து, இன்னும் பவுடர் போடாத தண்ணீரைக் குனிந்து பார்க்கிறாள். நிறுத்தச் சொன்னேன். பெரிதாக்கச் சொன்னேன். கரடியின் காது, பக்கத்தில் நூற்றிருபது என்ற கோடு. வீட்டில் மேசை முன் குனிந்து கண் மட்டத்தில் வைத்துப் பார்க்கிற அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. நான் மாணவிகளிடம் தொண்டை வறளச் சொன்னதை யாரோ ஒரு டீச்சர் அவளிடமும் சொல்லியிருக்க வேண்டும்.

ஃபிளாஸ்க் தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, கண் மட்டத்தில் பார்த்து, ஓர் அடுக்குப் பவுடரைக் கொட்டி, மூடிக் குலுக்கினேன். சூடாக இருந்தது. குழாயடியில் ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொன்னார் அந்த அம்மாள், அதை மட்டும் கேட்டேன். ஜன்னல் வழியாகப் பாட்டில் கை மாறியது. இரண்டு உறிஞ்சு, மூன்று உறிஞ்சு. ரோடே அமைதியானது போல இருந்தது. டீ மாஸ்டர் தன் டம்ளர் பாலைத் தானே குடித்துவிட்டுப் போனார்.

இதோடு கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். ஷீலா டீச்சர் அனுப்பிய ஆள் வராந்தாவில் ஓடி வந்தார். "மேடம், அந்தப் பொண்ணு எழுந்து நின்னுட்டாங்களாம். வெளிய போகணும்னு சொல்றாங்களாம்."

"இப்போவா? அழுகை நின்ன அப்புறமா?"

"ஆமா மேடம். அழற வரைக்கும் தலையக் குனிஞ்சு எழுதிக்கிட்டேதான் இருந்தாங்க. நின்னதும் எழுந்துட்டாங்க. 'பவுடர் என்கிட்ட இருக்கு, அப்போ என்ன குடுத்தாங்க, என்ன குடுத்தாங்க'ன்னு கேக்குறாங்களாம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. முதல் அழுகையிலேயே பை மாறியது தெரிந்திருக்கிறது. அழுகிற வரை நிம்மதியாக இருந்திருக்கிறாள். குழந்தை அழுகிறது என்றால் அதன் அப்பன் இன்னும் யார் பேச்சையும் கேட்டு மாட்டுப்பால் கொடுக்கவில்லை என்று அர்த்தம். பசியைத் தாங்கிக்கொள்ளும், மாட்டுப்பாலைத் தாங்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். அழுகை நின்றதும்தான் அவளுக்கு உயிர் போயிருக்கிறது.

அவளிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லக் கூடாது. சொன்னால், வெளியிலிருந்து செய்தி வாங்கினாள் என்று அவள் விடைத்தாளையே செல்லாதாக்கலாம். சொல்லாவிட்டால் அவளே அதை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

வாட்ச்மேன் அறை மேசையில் அந்த டப்பா இருந்தது. எடுத்துக்கொண்டேன். மூடியில்லாமல், காலியான அடுக்கு மேலே தெரிகிற மாதிரி, நெஞ்சுக்கு நேராக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முதன்மைக் கண்காணிப்பாளர் எந்த அறையையும் எந்த நேரமும் சுற்றிப் பார்க்கலாம், அது கையேட்டிலேயே இருக்கிறது. கையில் என்ன இருக்கக் கூடாது என்று அதில் போட்டிருப்பது வினாத்தாள் பற்றித்தான்.

அறைக்குள் போனேன். பின்னாலேயே ஆய்வு அலுவலர், அவருக்குப் பின்னால் வீடியோக்காரர். பவித்ரா பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒல்லியான பெண், முகம் வெளிறிப் போயிருந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, கோயிலில் தட்டு ஏந்திப் போகிற மாதிரி, அந்த வரிசையில் நடந்தேன். எழுதிக்கொண்டிருந்த சிலர் நிமிர்ந்து, இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். அவள் பெஞ்சைத் தாண்டும்போது கொஞ்சம் மெதுவாக நடந்தேன், அவ்வளவுதான்.

அடுக்கு ஒன்று காலி, இரண்டு அப்படியே. வாடையும் அவள் மூக்குக்குப் போயிருக்கும்.

பின்னால் பெஞ்சு லேசாகக் கிறீச்சிட்டது. உட்கார்ந்துவிட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையின் கடைசிக்குப் போய்ச் சுற்றி வரும்போதுதான் பார்த்தேன். பேனா ஓடிக்கொண்டிருந்தது.

வராந்தாவில் ஆய்வு அலுவலர் என்னை நிறுத்தினார். "மேடம், இது சைகை."

"ஆமா சார். எழுதுங்க. ஆனா என் பேர்ல எழுதுங்க. அந்தப் பொண்ணு என்கிட்ட ஒரு வார்த்தை பேசல, ஒரு சைகை பண்ணல. அதுவும் வீடியோல இருக்கு."

அவர் எழுதினார். ஒளிக்காமல், கூட்டாமல் எழுதினார். "முதன்மைக் கண்காணிப்பாளர் தமது சுற்றின்போது கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருந்தார்." அந்த ஒரு வரிக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. டப்பாவில் என்ன இருந்தது என்று கேட்டிருந்தார்கள். ஓர் அடுக்கு காலி, மற்ற இரண்டில் பால் பவுடர், அந்த வினாத்தாளின் எந்தக் கேள்விக்கும் அது விடையாகாது என்று பதில் எழுதினேன். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. பென்ஷன் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. அந்தப் பெண்ணின் விடைத்தாளையும் யாரும் செல்லாதாக்கவில்லை, அதை விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கியது.

நாளைக்கு நீங்கள் இதே மாதிரி ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். உங்களுக்கு வேறு ஏதாவது வரும். வரும்போது அந்த விதி யாரைக் காப்பாற்ற வந்தது என்று ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு சாட்சியை வைத்துக்கொண்டு செய்யுங்கள், செய்ததை உங்கள் பேரில் எழுதச் சொல்லுங்கள்.

தேர்வு முடிந்து மணி அடித்தது. விடைத்தாளைக் கொடுத்துவிட்டு அவள் பையைக்கூட வாங்காமல் கேட்டுக்கு ஓடினாள். நானும் வேக வேகமாகப் பின்னால் போனேன், என்னால் இருக்க முடியவில்லை. மரத்தடியில் செல்வம் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். குழந்தை அவன் மடியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது. அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, குனிந்து, குழந்தையின் வாயை மோந்து பார்த்தாள்.

அந்த வாடைதான் வந்திருக்க வேண்டும். அப்படியே அவன் தோளில் சாய்ந்து சிரித்தாள், அழுதாள், மறுபடியும் மோந்தாள்.

"இதேதான்டி" என்றான் அவன். "காது வரைக்கும் தண்ணி."

பிறகு என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். கும்பிடப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டு, பை வாங்க டோக்கன் இருக்கிறதா என்று கேட்டேன். விரலை விரித்துக் காட்டினாள். மூன்று மணி நேரமும் இடது கையில் பொத்தி வைத்திருந்ததில் அந்த அட்டை வியர்வையில் ஊறி எண்ணே அழிந்திருந்தது. பரவாயில்லை, அந்தப் பையை எனக்குத் தெரியும், வா என்று கூட்டிக்கொண்டு போனேன்.